யானைத் துறை: நேரில் வாங்கியோரும் இடைநின்றோரும்

ஆபிரிக்கக் காடுகளிலே யானையும் சிங்கமும் காணச் செல்லும் பயணத்துக்குச் ‘சபாரி’ என்று பெயர். பயணத்தைக் குறிக்கும் ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லே சுவாகிலி மொழியின் வழியாக உலகெங்கும் அவ்வாறு வழங்கலாயிற்று. அப்பயணத்தை மேற்கொள்வோரிடையே நெடுங்காலமாக ஒரு வினா இருந்துவருகிறது. காட்டை அறிந்த உள்ளூராரோடு நேரே பேசி ஒழுங்கு செய்வது நன்றா, அல்லது இடையிலே ஒரு நிறுவனத்தை அமர்த்தி யாவற்றையும் அதன் பொறுப்பில் விடுவது நன்றா என்பதே அது. 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூசுவெல்ற் கிழக்காபிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றபொழுது, நைரோபி நகரத்து நியூலண்ட் - ராள்ற்றன் என்னும் நிறுவனமே அவருக்கு நூற்றுக்கணக்கான சுமையாட்களையும் கூடாரங்களையும் வழிகாட்டிகளையும் தேடிக் கொடுத்தது. அதன்பின் அத்தகைய நிறுவனங்கள் பெருகின. அவற்றுக்குக் கொடுக்கும் பணம் எதற்காக என்னும் கேள்வியும் உடன் பெருகிற்று.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்கு இக்கேள்வி புதிதன்று. அங்கே அது யானையைப் பார்ப்பதைப் பற்றியதாக இல்லாமல் யானையை வாங்குவதைப் பற்றியதாக இருந்தது. பல நூற்றாண்டுகளாக ஊர்காவற்றுறையின் நீரோட்டத்திலே யானைகள் ஏறின, இறங்கின. யாரிடம் வாங்குவது, இடையில் நிற்பவன் யார், இடையூறு நேர்ந்தால் இழப்பு யாரைச் சாரும் என்பவற்றைப் பற்றி அரசர் ஆணை பிறப்பித்தனர், கோட்டை கட்டினர், போரும் செய்தனர்.

வேலணைத் தீவின் வடமேற்கு மூலையிலே, காரைநகருக்கு எதிரே உள்ளது ஊர்காவற்றுறை. பழைய பெயர் ஊராத்துறை. யாழ்ப்பாண நகரை ஒட்டிய கடலேரி ஆழமற்றது. பெரிய கப்பல் அதனுள் வர இயலாது. ஊராத்துறையிலோ இரு தீவுகளுக்கும் நடுவே ஆழமான கால்வாய் உண்டு. வாடைக் காற்றிலும் சோழகக் காற்றிலும் அது கப்பலுக்குப் புகலிடம். ஆதலால் வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவுப் பரவையைக் கடந்து குடாநாட்டுக்கு வந்து, அங்கிருந்து இத்துறையை அடைந்தன. போர்த்துக்கேயர் இதனை யானைகளின் துறைமேடை என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். துறைமேடையைக் குறிக்கும் ‘காயிஷ்’ என்னும் அவர்கள் சொல்லே ‘கயிற்ஸ்’ என இன்றும் ஆங்கில ஆவணங்களில் நிற்கிறது. ‘யானை’ உதிர்ந்துவிட்டது, ‘மேடை’ மட்டும் எஞ்சிற்று.

இலங்கை யானையின் வாணிகம் மிகத் தொன்மையானது. தீவினர் தம் நாட்டு மரத்தாற் பெரிய மரக்கலங்களைக் கட்டி, யானைகளை ஏற்றி, எதிர்க்கரையிலுள்ள கலிங்க வேந்தனுக்கு விற்றனர் என்று உரோமப் பேரரசுக் காலத்து எழுத்தாளர் ஈலியன் குறித்துள்ளார். ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் இன்னும் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். இலங்கை மன்னன் யானையை வாங்கும்போது நிலத்திலிருந்து அதன் உயரத்தை முழக்கணக்கில் அளந்து, 50, 100 என்று பொற்காசு கொடுப்பானாம். பாரசீகத்திலிருந்து குதிரை கொண்டுவருவோரிடம் சுங்கம் பெறமாட்டானாம். யானைக்கு முழக்கணக்கில் விலை என்னும் இம்முறை ஆயிரம் ஆண்டு கடந்து ஒல்லாந்தர் காலத்திலும் மாறாதிருந்தது. அரசுகள் மாறின, மதங்கள் மாறின, முழக்கோல் மாறவில்லை.

ஊராத்துறையைப் பற்றிய மிகத் தெளிவான பழஞ்சான்று நயினாதீவிலே கிடைத்த கல்வெட்டு ஒன்றாகும். பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. சிங்கள மன்னனின் ஆணை தமிழிலே பொறிக்கப்பட்டிருப்பது கவனித்தற்குரியது. வங்கக் கடலின் வணிகருக்குள் பெரும் பகுதியினர் அறிந்த மொழி தமிழ் என்பதை அரசன் அறிந்திருந்தான். ஆணையைப் படிக்கவேண்டியவர் எவரோ அவர் மொழியில் எழுதுவதே முறை. அந்த முறை அன்று பின்பற்றப்பட்டது.

ஆணையின் பொருள் இதுதான். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறைக்கே வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும். பல துறைகளிலிருந்தும் வருவோர் இத்துறையிலே வந்து கூடவேண்டும். அரசன் யானையையும் குதிரையையும் விரும்புகிறவனாதலால், அவற்றை அவனுக்குக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு திறைசேரிக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி திறைசேரிக்கு, சரிபாதி உடையவனுக்கு. இவ்வொழுங்கு கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டது என்றும் ஆணை கூறுகிறது.

கப்பல் உடைந்த ஏழையிடமும் பாதி பறிப்பதா என்று இக்காலத்தார் வினவக்கூடும். அக்காலத்து வழக்கை நோக்கினாலே இதன் அருமை விளங்கும். கரையொதுங்கிய கப்பலின் பொருள் முழுவதும் கரைக்குரிய அரசனுக்கே என்பது பல நாடுகளில் நடைமுறை. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையிலே 1244ஆம் ஆண்டளவிற் காகதீய மன்னன் கணபதிதேவன் பொறித்த கல்வெட்டு, முன்னைய அரசர்கள் புயலிற் சிக்கி ஒதுங்கிய கலங்களின் பொருளை வலிந்து கவர்ந்தனர் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தான் வழக்கமான சுங்கமன்றி வேறொன்றும் கொள்வதில்லை என்று அவன் உறுதி கூறுகிறான். அதற்கு இரண்டு தலைமுறை முன்னதாகவே ஊராத்துறையில் வணிகனுக்குப் பாதியோ முக்காலோ உறுதியாயிருந்தது.

இந்த ஏற்பாட்டில் அரசனே வாங்குகிறவன். அரசனே துறையின் காவலன். இடையில் வேறொருவன் இல்லை. வணிகன் அவனோடு நேரே பேசுகிறான். அதற்கு ஈடாக வணிகன் இழப்பது ஒன்று உண்டு. தான் விரும்பிய துறைக்குப் போகும் உரிமையை அவன் இழக்கிறான். எல்லாரும் ஊராத்துறையிலேயே கூடவேண்டும் என்னும் விதி காவலுக்கு உதவுவது, கண்காணிப்புக்கும் உதவுவது. எனினும் பொறுப்பை ஏற்காமல் வழியை மட்டும் அடைத்து நின்று கூலி கேட்பவனுக்கும், இடர் வந்தபொழுது இழப்பில் ஒரு பகுதியைத் தானும் விட்டுக்கொடுப்பவனுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. தீவுப்பகுதியின் யானை வாணிகத்தை இந்த ஓர் அளவுகோலாலேயே காலந்தோறும் அளந்துவிடலாம்.

தன் நாட்டிலேயே யானை மலிந்திருக்கப் பராக்கிரமபாகு ஏன் வெளியிலிருந்து யானை வருவிக்கவேண்டும் என்ற ஐயம் நேயர்களுக்கு எழலாம். இலங்கையின் ஆண் யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. கொம்பன் யானையை விரும்பிய மன்னன் கடல் கடந்து தேடியிருத்தல் கூடும். அவன் தேடிய நாடு இராமஞ்ஞம் எனப்பட்ட பர்மியக் கரை. அங்கே என்ன நடந்தது என்பதைச் சூளவம்சம் கூறுகிறது. முன்னர் இலங்கைத் தூதரும் வணிகரும் அங்கு தடையின்றி யானை வாங்கிவந்தனர். பரிசில் கொண்டுவரும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு யானை கொடுக்கும் மரபும் இருந்தது. பின்னர் அந்நாட்டரசன் அம்மரபை நிறுத்தி, விற்பனையைத் தன் பிடிக்குள் கொணர்ந்து, விலையைப் பன்மடங்கு உயர்த்தினான், தூதரையும் துன்புறுத்தினான். 1165ஆம் ஆண்டளவிற் பராக்கிரமபாகுவின் கடற்படை அங்கே சென்று குசுமியத் துறையைத் தாக்கியது. அப்படையெடுப்பில் உதவிய தலைவனுக்கு நிலம் வழங்கப்பட்டதைத் தேவனகலக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. சூளவம்சம் கூறும் முழு வெற்றியை அவ்வாறே ஏற்றுக்கொள்ள ஆராய்ச்சியாளர் தயங்குவர். படை சென்றதை மறுப்பாரில்லை. நேரே வாங்கி வந்த வழியை ஒருவன் மறித்ததற்காகக் கடல் கடந்து ஒரு போர்.

அடுத்த காட்சி யாழ்ப்பாண அரசர் காலத்தது. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மாபாருக்குப் புறப்பட்ட மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா காற்றால் அடியுண்டு இலங்கையின் மேற்குக் கரையிற் புத்தளத்தை அடைந்தார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். என்ன வேண்டும் என்று அரசன் கேட்க, பாவாதமலையைக் காணவேண்டும் என்றார் யாத்திரிகர். அரசன் அவருக்குப் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் தோழர் பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர் ஆகியோரை உடன் அனுப்பினான். யானைகள் திரியும் காட்டு வழி அது. யாத்திரிகரை அவை தீண்டுவதில்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதை அவர் எழுதிவைத்துள்ளார். ‘சபர்’ என்ற சொல்லை நாவிற் கொண்ட ஒருவர் யானைக் காட்டினூடே மேற்கொண்ட அப்பயணத்தை நம் நாட்டின் முதற் சபாரி என்று எவரேனும் அழைத்தால் மறுப்பது கடினம்.

இங்கு இடைநின்றவன் அரசன். யாத்திரிகர் தாமே யோகிகளைத் தேடிப் பேசியிருக்க முடியாது. மற்றொரு சிறு செய்தியையும் நோக்குக. அவரைக் கொண்டுவந்த கப்பலின் தலைவன், எத்துணைக் காலமாயினும் அவரோடன்றித் திரும்புவதில்லை என்று காத்திருந்தான். அவர் திரும்பி வரும்வரை அவனுக்கு உண்டி தன் பொறுப்பு என்று அரசன் ஏற்றுக்கொண்டான். காலதாமதத்தின் செலவைத் தானே தாங்கியவன் அவன்.

எனினும் யானை வாணிகத்தில் அதே அரச மரபு வேறு முகம் காட்டியது. வன்னிக் காட்டிலே யானை பிடித்தவர் வன்னியர் ஆட்சிக்குட்பட்ட மக்கள். வன்னியர் அவற்றை யாழ்ப்பாண அரசனுக்குத் திறையாகச் செலுத்தினர். அரசன் அவற்றை வெளிநாட்டாருக்கு விற்றான். திறையாகக் கொடுத்த யானைக்கு விலை இல்லை. பிடித்தவன் வாங்குபவனின் முகத்தை அறியான். வாங்குபவன் பிடித்தவனின் ஊரை அறியான்.

1619ஆம் ஆண்டில் பிலிப்பே தெ ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின், அரசன் நின்ற இடத்திற் போர்த்துக்கேயர் நின்றனர். இலங்கை யானையைக் கண்டால் பிறநாட்டு யானைகள் மண்டியிடும் என்றும், ஆதலால் மொகலாயப் பேரரசர் அதற்கு இருமடங்கு விலை கொடுப்பர் என்றும் போர்த்துக்கேயப் படைவீரர் ரிபெய்ரோ எழுதினார். மண்டியிட்டதைக் கண்டவர் எவரோ தெரியவில்லை. விற்பவனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வாய்க்காது என்பது மட்டும் உறுதி.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்தனர். ஊராத்துறைக் கால்வாயின் நடுவே சிறு திட்டொன்றில் போர்த்துக்கேயர் கட்டியிருந்த நீர்க்கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளிருந்தவர் குடிநீரின்றித் தவித்துச் சரணடையும்படி செய்தனர். பின்னர் அதற்கு அம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். தீவுகளுக்குத் தம் ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட பெயரே இன்றளவும் வழக்கில் நிலைத்தது.

ஒல்லாந்தக் கொம்பனி அமைத்த யானை வாணிகம் ஒழுங்கிலே சிறந்தது என்பதை மறுத்தல் முறையன்று. வன்னியர் திறை, மன்னார்ப் பக்கத்து வேட்டை ஆகியவற்றாற் கிடைத்தவற்றோடு, தெற்கே மாத்தறைப் பகுதியிற் பிடிபட்டவையும் கரையோரமாகச் சிலாபம், புத்தளம், மன்னார் வழியே நடத்திவரப்பட்டு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தன. யாழ்ப்பாண நகரின் ஆனைப்பந்தி என்னும் பெயர் பழைய யானைக் கொட்டிலை இன்றும் நினைவூட்டுகிறது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் வந்தனர். ஒவ்வொரு யானையும் அளக்கப்பட்டது. உயரத்துக்கு ஏற்ப விலை, தந்தமிருந்தால் கூடுதல், ஊனமிருந்தாற் கழிவு. சோழகக் காற்று ஓய்வதற்குள் விற்பனை முடியவேண்டும். அக்காற்றே கப்பலை வடக்கே வங்கத்துக்குக் கொண்டுசெல்வது.

வாங்குபவனுக்கு இதில் நன்மை இருந்தது. மசூலிப்பட்டினத்து வணிகன் தானே வன்னிக்குட் சென்று யானை தேடப் புகுந்தால் காய்ச்சலும் காடும் அவனை விடா. பேரம் படிந்தாலும் பருவக் காற்று தவறிவிடும். கொம்பனியிடம் வந்தால் பல காடுகளின் யானைகளை ஒரே முற்றத்திற் காணலாம். ஆனால் நேரே போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவனிடம் விடப்படவில்லை. ஆனையிறவு, இயக்கச்சிப் பக்கங்களிற் காவலரண்கள் தரைவாயிலை மறித்தன. அம்மன்ஹீல் கடல்வாயிலை மறித்தது. யானை கொம்பனியின் தனியுரிமை. இரு வாயிலுக்கும் திறவுகோல் ஒருவன் கையிலிருந்தால், அவன் கூறுவதே விலை.

விற்பவன் பக்கம் இன்னும் இருண்டது. 1697ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கொமாண்டராயிருந்த ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் எழுதிவைத்த அறிவுரைக் குறிப்பிலே, வன்னியர் செலுத்தவேண்டிய யானைகள் நிலுவையாகக் கிடப்பது பெருங்குறையாகச் சொல்லப்படுகிறது. கொம்பனியின் கண்ணுக்கு அது சோம்பல், ஒழுக்கமின்மை. வன்னியின் கண்ணால் நோக்கினால் வேறு தோன்றும். விலையில்லாத யானையை எவன் விரைந்து பிடிப்பான்? பனங்காமத்து வன்னியர் முதலியோருக்குக் கொம்பனியை எதிர்க்கப் படைவலி இல்லை; காலம் கடத்துதல் ஒன்றே அவர்களுக்கிருந்த வலி. இழுபறி ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. 1780களில் தோமஸ் நாகெல் என்னும் படைத்தலைவரின் கீழ் ஒல்லாந்தர் வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொணர்ந்தனர். இடைநின்ற கொம்பனி தனக்கும் காட்டுக்கும் இடைநின்ற வன்னியரைப் பொறுக்கவில்லை.

யானையைக் கப்பலேற்றிய விதத்தை, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் சேவையிலிருந்த வொல்ப் என்னும் செருமானியர் விவரித்துள்ளார். யானையின் மார்பையும் வயிற்றையும் சுற்றிப் பல மடிப்புக் கித்தானைக் கட்டி, முதுகின்மேல் வடங்களால் இறுக்குவர். பழகிய யானைகள் இரண்டின் நடுவே அதனைக் கடலில் இறக்கி நீந்தச் செய்து கப்பலருகே கொண்டுபோவர். அங்கே வடத்தைக் கப்பியிற் பூட்டி, நீரிலிருந்து மேலே தூக்கிக் கப்பலுள் இறக்குவர். கால் நிலத்தைவிட்டு எழும் அந்தக் கணத்தில் அவ்விலங்கு எழுப்பிய பிளிறல் காரைநகர்க் கரைவரை கேட்டிருக்கும். முழக்கணக்கிலே அதற்கு இடமில்லை.

1687ஆம் ஆண்டில் ஒளரங்கசீப் கோல்கொண்டாவை வீழ்த்தியதும் பெரிய வாங்குநன் ஒருவன் மறைந்தான். போர்க்களத்திற் பீரங்கி பெருகப் பெருக யானையின் மதிப்பும் தாழ்ந்தது. 1795ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம் யானை பிடிகாரர் தோற்கயிற்றுச் சுருக்கால் யானை பிடித்து, இந்தியாவுக்கு அனுப்பும் வியாபாரிகளுக்குத் தாமே விற்றதை எமர்சன் தெனன்ற் தம் நூலில் எழுதியுள்ளார். பிடித்தவனே பேரம் பேசிய காலம் அது. பேரத்துக்குரிய பெருஞ்சந்தை மட்டும் அப்பொழுது இல்லை.

ஊராத்துறைக் கல்வெட்டு விரும்பி அழைத்த மற்றொரு விலங்கு குதிரை. கடல் கடந்து வந்த அவ்விலங்கை நெடுந்தீவிலே வளர்த்தவர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவை ஆண்ட லெப்ரினன்ற் எட்வேட் நோலன் என்னும் அயர்லாந்தர் அரசாங்கத்தின் குதிரைப் பண்ணையைப் பேணினார். பண்ணை மறைந்தது, குதிரைகள் மறையவில்லை. பவளக் கல் மதில்களுக்கு அப்பால், நெடுந்தீவின் தெற்குப் புல்வெளியிலே அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டுக்கடங்காமல் திரிகின்றன. அப்பகுதி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவற்றைக் காண இன்று வெளியூரார் வருகின்றனர். பழைய வினாவும் அவர்களோடு படகேறுகிறது. சிலர் கொழும்பிலேயே ஒரு பயண நிறுவனத்திடம் பணம் செலுத்தி, வண்டியும் படகும் வழிகாட்டியும் ஆயத்தமாயிருக்க வருகின்றனர். மற்றையோர் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே பேருந்தில் வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, ஊர்ச் சனங்களோடு படகிலேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடைகின்றனர். அங்கே துறையடியில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரரோடு தாமே கூலி பேசுகின்றனர். முன்னவருக்கு மாலைப் படகு தவறுமோ என்ற கவலை இல்லை. பின்னவர் கொடுக்கும் காசு அந்த ஊரவன் கையிலேயே சேர்கிறது. கடல் கொந்தளித்துப் படகு நிறுத்தப்படும் நாளில் இரு திறத்தாரும் குறிகட்டுவானில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்க வேண்டியதுதான். அன்று செலுத்திய பணத்தில் எத்தனை பங்கு திரும்பும் என்பதை, புறப்படுமுன்னே கேட்டு வைத்தவர் அவருட் சிலரே.